குதிரை வந்தது, லாடக்காரர் வரவில்லை

பாண்டியன் லாயத்துப் பரிகள் இரவோடு இரவாக நரிகளான மணிவாசகர் கதை நமக்குத் தெரியும். கணக்கெழுதியே காலம் கழித்த எனக்கு, மார்க்கோ போலோ தரும் கணக்கு அதைவிட வியப்பு.

1298-ல் ஜெனோவா சிறையில் அவர் சொல்லச் சொல்லப் பழைய பிரெஞ்சில் எழுதப்பட்ட நூல் அது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்ததால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம். நம் சாந்தோம் தோமையார் கல்லறையைச் சொல்லும் பகுதியை ஒட்டியே குதிரை வியாபாரமும் வருகிறது.

பாண்டிய நாட்டை ஆண்ட சகோதரர் ஐவர். ஹோர்முஸ், ஏடன் முதலிய துறைமுகங்களிலிருந்து ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 2000 குதிரைக்கு மேல் வாங்கினார்களாம். ஆண்டு முடிவில் நூறுகூடத் தேறாதாம்! இங்கே பிறந்த குட்டிகளும் கால் கோணி, சவாரிக்கு உதவாமல் போயினவாம்.

காரணம், பராமரிக்க ஆளில்லை. பிரெஞ்சில் லாடம் அடிப்பவர் 'மாரேஷால்'. அந்நாளில் குதிரை வைத்தியரும் அவரே. அவர்கள் இங்கே வராதபடி வியாபாரிகளே தடுத்தார்கள் என்கிறார் போலோ. நொண்டும் குதிரை குணமானால் புதுக் குதிரை விலைபோகுமா?

போலோ கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருக்கலாம். நகுலன் பெயரால் அசுவ சாஸ்திரமே தஞ்சை சரஸ்வதி மகாலில் இருக்கிறது. ஆனால் ஏடு குளம்பைத் தூக்கிப் பார்க்காது. அதற்குத் தேர்ந்த கை வேண்டும். அந்தக் கைகளைப் பழக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி நம் சைதாப்பேட்டையில் தொடங்கியது 1903-ல்தான். பிறகு வேப்பேரிக்குப் போனது.

முழங்கால் தேய்ந்து நான் சைக்கிளை விட்டு இரண்டு வருஷமாகிறது. வாரம் இருமுறை ஒரு பிள்ளை வந்து என் காலை மடக்கி நீட்டிவிடுகிறார். மாடவீதி வரை நடக்கிறேன். பாண்டியன் குதிரைகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.