பெயர் ஒருவருடையது, கார் இன்னொருவருடையது

1916ஆம் ஆண்டு. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் உள்ள ஒமாஹா நகரில் ஜோ சாண்டர்ஸ் என்பவர் ஃபோர்டு மாடல் டி காரை வாடகைக்கு விடத் தொடங்கினார். ஓட்டுநர் கிடையாது. எடுத்துப் போகிறவரே ஓட்டிக்கொள்ள வேண்டும். முன்சக்கரத்தில் ஒரு மீட்டரைப் பொருத்தி, மைலுக்கு 10 சென்ட் என்று கணக்கிட்டு வசூலித்தார். அடுத்த பத்தாண்டுக்குள் அவருடைய நிறுவனம் 21 மாநிலங்களுக்குப் பரவிவிட்டது.

இரண்டு ஆண்டு கழித்து, 1918இல், சிகாகோவில் வால்டர் ஜேக்கப்ஸ் என்ற 22 வயது இளைஞர் பன்னிரண்டு மாடல் டி கார்களோடு இதே தொழிலில் இறங்கினார். ஐந்தே ஆண்டுகளில் அவருடைய ஆண்டு வருமானம் பத்து லட்சம் டாலரை எட்டியது. அந்த வளர்ச்சியைக் கண்டு 1923இல் நிறுவனத்தை வாங்கியவர் ஜான் ஹெர்ட்ஸ். 'யெல்லோ கேப்' டாக்சி நிறுவனத்தின் தலைவர். ஜேக்கப்ஸ் வெளியேறவில்லை; ஹெர்ட்ஸ் பெயரின் கீழ் 1960 வரை தொழிலை நடத்தியவர் அவரே.

இந்தத் தொழிலுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. மளிகைக்கடைக்கு வருகிறவர் அதே தெருக்காரர். கடைக்காரரின் நாணயம் அவருக்குத் தெரியும். வாடகைக் கார் கேட்டு வருகிறவரோ பெரும்பாலும் ரயிலிலோ விமானத்திலோ வந்து இறங்கும் வெளியூர்க்காரர். அந்த ஊரில் யார் நல்ல கார் வைத்திருக்கிறார், யார் ஏமாற்றுவார் என்று அவருக்குத் தெரியாது. தன் ஊரில் பார்த்துப் பழகிய பெயர்ப்பலகை அங்கேயும் தொங்கினால்தான் நம்பிக் கையெழுத்துப் போடுவார். ஆகவே இந்தத் தொழிலில் நிலைக்க வேண்டுமானால் நூறு ஊர்களில் ஒரே பெயர் தெரிய வேண்டும்.

ஆனால் நூறு ஊர்களில் கார் வாங்கி நிறுத்தப் பணம் எங்கே இருக்கிறது? கார் என்பது வாங்கிய நாளிலிருந்தே விலை குறையத் தொடங்கும் சரக்கு. நிறுத்த இடம், பழுது பார்க்க ஆள், காப்பீடு, ஓடாமல் நின்றாலும் கட்ட வேண்டிய வட்டி என்று செலவு அடுக்கிக்கொண்டே போகும். இதற்கு இந்தத் தொழில் கண்ட வழிதான் ஃபிரான்சைஸ். பெயர் தலைமையகத்துடையது, முதலீடு உள்ளூர்க்காரருடையது.

உரிமம் பெறும் உள்ளூர்க்காரர் தொடக்கத்தில் ஒரு தொகை கட்டுவார். பிறகு மாதாமாதம் வருவாயில் ஒரு பங்கை ராயல்டியாகச் செலுத்துவார். கார்களை வாங்குவதும், ஆள் வைப்பதும், நஷ்டம் வந்தால் சுமப்பதும் அவர் பொறுப்பு. பதிலுக்குப் பெயரும் விளம்பரமும் கிடைக்கும். ஒரு குறிப்பிட்ட நகரத்துக்கோ வட்டாரத்துக்கோ தனியுரிமை கிடைக்கும். எல்லாவற்றையும்விட, வெளியூர்களில் பதிவாகும் முன்பதிவுகள் அவர் வாசலுக்கு வந்து சேரும்.

இந்த முறையைக் கையில் எடுத்து வேகமாக வளர்ந்தவர் வாரன் ஏவிஸ். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவ விமானப்படை அதிகாரியாக இருந்தவர். அந்நாளில் வாடகைக் கார் நிலையங்கள் பெரும்பாலும் நகரின் நடுவே, கராஜ்களில் இருந்தன. விமானத்தில் வந்து இறங்குகிறவர் நகருக்குள் போய்ச் சேர்ந்தால்தான் கார். விமான நிலையத்திலேயே கார் தந்தால் என்ன என்று ஏவிஸ் யோசித்தார். 1946இல் மிச்சிகன் மாநிலத்தின் வில்லோ ரன் விமான நிலையத்தில் மூன்று கார்களோடு கடை திறந்தார். கையிலிருந்த 10,000 டாலர், கடன் வாங்கிய 75,000 டாலர், இவ்வளவுதான் முதல். 1953க்குள் அமெரிக்காவில் ஹெர்ட்ஸுக்கு அடுத்த இடம் ஏவிஸுக்கு. அதே ஆண்டில் ஐரோப்பா, கனடா, மெக்சிகோ ஆகிய இடங்களுக்கும் உரிமங்கள் போயின. மறு ஆண்டு, நிறுவனத்தை 80 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டு வாரன் ஏவிஸ் விலகினார்.

நேஷனல் நிறுவனம் எதிர்த்திசையிலிருந்து வந்தது. 1947இல் தனித்தனியாகத் தொழில் செய்துவந்த 24 உள்ளூர் உரிமையாளர்கள் கூடி, தங்களுக்கென ஒரு பொதுப்பெயரை உண்டாக்கிக்கொண்டார்கள். பெரிய பெயர் இறங்கிவந்து ஊர்க்காரரைத் தேடாமல், ஊர்க்காரர்களே பெரிய பெயரைப் படைத்த கதை இது.

மூன்றாவது பாதை பட்ஜெட் நிறுவனத்துடையது. 1958இல் மாரிஸ் மிர்கின் லாஸ் ஏஞ்சலிஸில் மலிவு வாடகைக்கென்றே இதைத் தொடங்கினார். மறு ஆண்டு சேர்ந்த ஜூல்ஸ் லெடரர் சிகாகோவைத் தலைமையகமாக்கி, ஊர் ஊராக உரிமம் விற்று அதைப் பெரிய நிறுவனமாக வளர்த்தார்.

கூட்டுக்குள் சிக்கல்களும் இருந்தன. ஓர் ஊரில் எடுத்த காரைப் பயணி இன்னோர் ஊரில் விட்டுவிட்டால், அந்தக் கார் யாருக்குச் சொந்தம்? பெயர் ஒன்று என்றாலும் உரிமையாளர்கள் வேறு வேறு. வந்து நிற்கும் காரைச் சொந்த ஊருக்குத் திரும்பும் திசையில் மட்டும் வாடகைக்கு விடுவது, அந்த வருமானத்தைப் பிரித்துக்கொள்வது, பயணியிடம் தனிக் கட்டணம் வசூலிப்பது என்று ஏற்பாடுகள் செய்துகொள்ள வேண்டியிருந்தது. வேற்றூரில் காரை விட எல்லா இடத்திலும் அனுமதி கிடைக்காததற்கு இன்றும் இது ஒரு முக்கியக் காரணம்.

விமானப் பயணம் பெருகப் பெருக, வலு தலைமையகத்தின் பக்கம் சாய்ந்தது. பெரிய விமான நிலையங்களில் கவுன்டர் வைக்க, வருவாயில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைக் கட்டணமாகத் தர வேண்டும். கணினி வழி முன்பதிவுக்கும் மொத்தக் கொள்முதலுக்கும் பெரிய முதல் தேவை. அதனால் ஹெர்ட்ஸும் ஏவிஸும் லாபம் கொழித்த நகரங்களின் உரிமங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டன. சிறிய ஊர்கள் பழையபடி உள்ளூர்க்காரர் கையில் நின்றன.

தலைகீழாகவும் நடந்தது. பட்ஜெட்டின் மிகப் பெரிய உரிமதாரரான டீம் ரென்டல் குரூப், 1997இல் ஃபோர்டிடமிருந்து பட்ஜெட் நிறுவனத்தையே விலைக்கு வாங்கியது. கட்டணம் கொடுத்துப் பெயரைப் பயன்படுத்தியவரே பெயருக்கு எஜமானர் ஆனார். ஆனால் 2002இல் அந்தக் குழுமம் திவாலானது. வாங்கியது சென்டன்ட் என்ற நிறுவனம்; ஏற்கெனவே ஏவிஸும் அதன் கையில்தான் இருந்தது. 2011இல் சென்டன்டின் வழிவந்த ஏவிஸ் பட்ஜெட் குழுமம், பெயரை உரிமமாகப் பெற்று நெடுங்காலம் தனியே இயங்கிய ஏவிஸ் ஐரோப்பாவையும் வாங்கிக்கொண்டது.

இந்தப் பாதையிலேயே நடக்காமல் முதலிடம் பிடித்தவர்களும் உண்டு. 1957இல் செயின்ட் லூயிஸில் ஏழு கார்களோடு ஜாக் டெய்லர் தொடங்கிய எண்டர்பிரைஸ், அமெரிக்காவுக்குள் சொந்தக் கிளைகளைத் திறந்தே வளர்ந்தது. விபத்தில் கார் பழுதாகி நிற்கும் உள்ளூர்க்காரரைத் தன் வாடிக்கையாளராக்கிக்கொண்டதால், விமான நிலையத்தையும் வெளியூர்க்காரரையும் நம்பியிருக்க வேண்டிய தேவை அதற்கு இல்லை. ஆனால் பிற நாடுகளுக்குப் பரவும்போது அதுவும் பல இடங்களில் உரிமதாரர்களையே நாடியது.

ஆகவே வெளிநாட்டில் கார் எடுக்கும் நம்மவர்கள், கவுன்டருக்கு மேலே ஒளிரும் பலகையை மட்டும் நம்பிவிடக் கூடாது. ஒப்பந்தத்தாளில் உரிமையாளர் என்று அச்சிட்டிருக்கும் நிறுவனத்தின் பெயரைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். காருக்குக் கீறல் விழுந்தாலோ, வைப்புத்தொகை திரும்பாவிட்டாலோ, முதலில் பதில் சொல்ல வேண்டியவர் பெரும்பாலும் அவர்தான்.