கஞ்சிப் பானையிலிருந்து ஸ்பிரே டப்பா வரை

போன ஞாயிற்றுக்கிழமை கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டில் என் பழைய மாணவி ஒருத்தியைப் பார்த்தேன். வீட்டுக்காரருக்கு சிப்காட்டில் வேலை. இவள் வீட்டிலிருந்தே ஒட்டுத்துணி குவில்ட் தைத்து விற்கிறாள். மேல்துணி, நடுவில் பஞ்சுத் தகடு, அடியில் ஒரு துணி என்று மூன்று அடுக்கு. அது நகராமல் இருக்க முன்பெல்லாம் நூலோட்டி, ஊசி குத்தி வைப்பாளாம். "இப்ப ஸ்பிரே பசை வந்துடுச்சு சார். அடிச்சா ஒட்டிக்குது, தைச்சுத் துவைச்சா போயிடுது. வேலை பாதியாயிடுச்சு. ராத்திரியில தலைவலிதான் தாங்க முடியல" என்றாள். எந்த அறையில் அடிக்கிறாய் என்று கேட்டேன். படுக்கை அறை. தூசி வராமல் இருக்க ஜன்னலைச் சாத்திவிடுவாளாம்.

சரித்திர வாத்தியாருக்கு ஓய்வு ஏது? வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்ட ஆரம்பித்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் ஒட்டி, வேலை முடிந்ததும் விட்டுப் போகிற பசை நம் பக்கத்துக்குப் புதிதல்ல. பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் தறிக்காரர்களைக் கேளுங்கள். பாவு நூலுக்கு ஏன் கஞ்சி போடுகிறார்கள்? நூலின் பிசிறு படிந்து, தறியில் அறுந்து போகாமல் இருக்கத்தான். நெய்த துணியைத் துவைத்தால் கஞ்சி போய்விடும். 1613-இல் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியதே நம் துணிகளுக்காகத்தான். மலாய்க்காரர்கள் இன்றும் கட்டம் போட்ட கைலியை 'கைன் பெலிகாட்' என்கிறார்கள். பெலிகாட் என்பது நம் பழவேற்காடுதான். அந்தத் துணிகளின் பின்னாலும் ஒரு கஞ்சிப் பானை இருந்தது. அந்தப் பசையில் இருந்து ஆவியாகிப் போனது வெறும் தண்ணீர்.

இந்த வித்தியாசத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரே பசையில் பசையைக் கரைத்து வைத்திருப்பது தண்ணீர் அல்ல, கரைப்பான். வெளியே தள்ளுவது ஒரு வாயு. துணியில் நிற்பது கொஞ்சம் பசை. மிச்சமெல்லாம் அறைக் காற்றில்.

டப்பாவின் கதை போரில் வளர்ந்தது. நார்வேக்காரர் எரிக் ரோத்தைம் 1920களில் காப்புரிமை வாங்கினார், ஆனால் பெரிதாக எடுபடவில்லை. இரண்டாம் உலகப் போரில் மலேரியா கொசுவிடமிருந்து சிப்பாய்களைக் காக்க, அமெரிக்க வேளாண் துறையின் குட்ஹியூவும் சல்லிவனும் 1941-இல் கொசு மருந்து டப்பாவைச் செய்தார்கள். 1949-இல் ஆப்லனால்ப் மலிவான வால்வைக் கொண்டுவந்ததும் பெயின்ட், சென்ட், பசை எல்லாம் டப்பாவுக்குள் போயின. உள்ளே தள்ளும் வாயு ஃபிரியான் வகை. அது ஓசோனைத் தின்கிறது என்று 1974-இல் மோலினாவும் ரோலண்டும் சொன்னார்கள். 1987-இல் மான்ட்ரியல் ஒப்பந்தம், 1992-இல் இந்தியாவும் சேர்ந்தது. ஃபிரியான் போன இடத்தில் பல டப்பாக்களுக்குள் வந்தது பியூட்டேன், புரொப்பேன். அதாவது நம் சமையல் காஸ். ஓசோன் பிழைத்தது, டப்பா தீப்பிடிக்கக் கற்றுக்கொண்டது. என் மாணவி ஸ்பிரே அடிக்கிற மேசையிலேயே இஸ்திரிப் பெட்டியும் சூடாக இருக்குமாம்!

நான் அதிகம் யோசித்தது ஜப்பானைப் பற்றித்தான். 1950களில் நடிகை ஆட்ரி ஹெப்பர்ன் பெயரில் ஒரு செருப்பு அங்கே ஃபேஷன். வீட்டுப் பெண்கள் சின்ன அறைகளில் உட்கார்ந்து பசை தடவி ஒட்டினார்கள். பசையில் பென்சீன் இருந்தது. எலும்பு மஜ்ஜை ரத்தம் ஊறவிடாமல் நின்று, சிலர் இறந்தே போனார்கள். 1959-இல் அரசு பென்சீன் பசையைத் தடை செய்தது. நிம்மதி என்று நினைப்பீர்கள். பென்சீனுக்குப் பதிலாக வந்தது ஹெக்சேன். சில வருடங்களில் செருப்பு ஒட்டுகிறவர்களுக்குக் கால் மரத்துப்போனது, பிறகு கை, பிறகு நடை தள்ளாடியது. மருத்துவர் யமமுரா 1969-இல் வெளியிட்ட ஆய்வில் இப்படி 93 நோயாளிகள். ஹெக்சேன் உடலுக்குள் போய் வேறொரு பொருளாக மாறி நரம்பை அரிக்கிறது. அதுவும் வீட்டுத் தொழில்தான், அங்கேயும் காற்றோட்டம் இல்லாத அறைதான்.

பயமுறுத்துவதாக நினைக்க வேண்டாம். பயத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1973 ஆகஸ்டில் அமெரிக்க அரசு சில ஸ்பிரே பசைகளைத் திடீரென்று தடை செய்தது, குரோமோசோமைக் கெடுக்கிறது என்று ஓர் ஆய்வாளர் சொன்னதை வைத்து. மறுபடி சோதித்தபோது அது உறுதியாகவில்லை. சுமார் 6 மாதத்தில் தடையை நீக்கினார்கள். அதற்குள் பயந்துபோன சில பெண்கள் கருவையே கலைத்துக்கொண்டிருந்தார்கள். ஓரிடத்தில் அவசரம், இன்னோரிடத்தில் தாமதம். இரண்டிலும் விலை கொடுத்தது வீட்டில் உட்கார்ந்து வேலை செய்த பெண்கள்.

எல்லா டப்பாவிலும் ஹெக்சேன் இருக்காது. நேற்று மாணவிக்கு போன் செய்து டப்பாவில் எழுதியிருப்பதைப் படிக்கச் சொன்னேன். பொடி எழுத்து, போட்டோ எடுத்து அனுப்பினாள், பெரிதாக்கிப் பார்த்தேன். தீப்பிடிக்கும் என்ற படம் இருந்தது, காற்றோட்டமான இடத்தில் பயன்படுத்து என்று இருந்தது, உள்ளே என்ன கரைப்பான் என்று மட்டும் இல்லை. தலைவலி நிற்கவில்லையென்றால் டாக்டரைப் பார்த்து, பசை விஷயத்தையும் மறக்காமல் சொல் என்றேன்.

இப்போதைக்கு மொட்டை மாடியில் அடிக்கிறாள், உலர்ந்த பிறகே கீழே கொண்டுவருகிறாள். பருத்தித் துணிக்கு மைதாக் கஞ்சியைத் தண்ணீராகக் காய்ச்சி, வடிகட்டி, ஓரத்தில் மட்டும் தொட்டு, இஸ்திரி போட்டுப் பார்த்திருக்கிறாள். நன்றாகவே நிற்கிறதாம். துவைக்காமல் வைத்தால் கரப்பான் வரும், அது ஒன்றுதான் தொல்லை.

பொதட்டூர்பேட்டைப் பக்கத்து நண்பர்கள் யாராவது, உங்கள் வீட்டில் பாவுக் கஞ்சிக்கு என்ன மாவு, எவ்வளவு தண்ணீர் என்று எழுதுங்கள். அவள் கேட்டிருக்கிறாள்.