காணொளிக் கைக்கடிகாரமும் சென்னையும்

காணொளிக் கைக்கடிகாரம் என்பது நேரம் காட்டுவதோடு பாட்டும் பாடி, படமும் ஓட்டும் கைக்கடிகாரம். சென்னையில் இதற்கு வழங்கிய பெயர் 'எம்.பி.4 வாட்ச்'. 2000-களின் பிற்பாதியில் சீனாவிலிருந்து வந்து, பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் விற்று, ஸ்மார்ட்போன் பரவியதும் மறைந்துபோன பொருள் இது. சில ஆண்டுகளே புழங்கிய விளையாட்டுப் பொருளுக்கு வரலாறு எதற்கு என்று தோன்றலாம். ஆனால் கைக்கடிகாரத்துக்குள் திரையும் நினைவகமும் புகுந்த கதை இதில்தான் இருக்கிறது. தேர்வறை வாசலில் வாட்சைக் கழற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போகும் இன்றைய மாணவர் வரை அதன் விளைவு நீள்கிறது.

காதால் கேட்ட நேரம்

கடிகாரமும் ஓசையும் சென்னைக்குப் புதியவை அல்ல. நுங்கம்பாக்கத்தில் 1792-இல் அமைந்த வானாய்வகம் கணித்த நேரமே 'மெட்ராஸ் நேரம்' எனப்பட்டது. கிரீன்விச் நேரத்தைவிட 5 மணி 21 நிமிடம் 14 நொடி முன்னால் இருந்த அந்த நேரத்தை இந்திய ரயில்வே பின்பற்றியது. 1906-இல்தான் இந்தியாவுக்கென ஒரு பொது நேரம் வந்தது. ஊரார் அந்த நேரத்தைக் கண்ணால் பார்த்ததைவிடக் காதால் கேட்டதே அதிகம். இரவு 8 மணிக்குக் கோட்டையில் பீரங்கி வெடிக்கும். வீட்டுக் கடிகாரம் வைத்திருந்த சிலர் அதைக் கேட்டு முள்ளைத் திருத்திக்கொள்வார்கள்.

மவுண்ட் ரோட்டில், இன்றைய அண்ணா சாலையில், பி. ஆர் அண்ட் சன்ஸ் கடிகாரக் கடை ராபர்ட் சிஷோம் வடிவமைத்த கட்டடத்தில் இன்றும் நிற்கிறது. அதே சாலையில் தெற்கே வந்தால் தேனாம்பேட்டை. அந்தக் காலத்தில் அது தோட்டங்களும் தோட்ட வீடுகளும் நிறைந்த புறநகர். 1913-இல் ரிப்பன் மாளிகையில் வைத்த கடிகாரம் கால் மணிக்கொருமுறை நான்கு மணிகளால் ஒரு மெட்டை இசைத்தது. பாடும் கடிகாரம் என்று சொல்வதானால் சென்னையில் முதல் மரியாதை அதற்குத்தான் தரவேண்டும்.

மணிக்கட்டுக்கு வந்த நேரம்

கைக்கடிகாரம் நெடுங்காலம் வசதியுள்ளவர்களின் பொருளாகவே இருந்தது. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து எச்.எம்.டி. 1961-இல் பெங்களூரில் வாட்ச் தயாரிக்கத் தொடங்கிய பிறகுதான் ஆசிரியர், எழுத்தர், தபால்காரர் கைகளிலும் அது ஏறியது. பத்தாம் வகுப்புத் தேறினால் வாட்ச் வாங்கித் தருவதாகச் சொல்லாத தகப்பனார் அந்தத் தலைமுறையில் குறைவு. காலையில் பல் துலக்கியதும் வாட்சுக்குச் சாவி கொடுப்பது ஒரு நித்திய கடமை.

டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் (டிட்கோ) சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டன் நிறுவனம் ஓசூரில் ஆலை அமைத்துக் குவார்ட்ஸ் கடிகாரங்களைச் செய்தது. குவார்ட்ஸ் கடிகாரத்தின் தத்துவம் எளிது. பட்டன் செல்லின் மின்சாரத்தில் ஒரு சிறு படிகம் நொடிக்கு 32,768 முறை அதிரும். அந்த எண் 2-இன் 15-ஆம் அடுக்கு. அதைப் பதினைந்து முறை பாதியாக்கிக்கொண்டே வந்தால் நொடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும். அந்தத் துடிப்பு முள்ளை ஒரு படி நகர்த்தும். சாவி கொடுக்கும் வழக்கம் இதோடு போயிற்று. டைட்டன் விளம்பரத்தில் ஒலித்த மெட்டு மோட்சார்ட்டின் 25-ஆம் சிம்பொனி. மோட்சார்ட் பெயரையே கேள்விப்படாத வீடுகளிலும் 'வாட்ச் மியூசிக்' என்று அது தெரிந்திருந்தது. பாட்டு விளம்பரத்தில்தான் இருந்தது. வாட்ச் ஊமையாகவே இருந்தது.

பாடிய வாட்சுகள் கப்பலிலும் விமானத்திலும் வந்தன. 1980-களில் சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வந்தவர்கள் கொண்டுவந்த கேசியோ டிஜிட்டல் வாட்சுகளில் பிறந்தநாள் வாழ்த்து மெட்டுகூட இருந்தது. தனி ஒலிபெருக்கி கிடையாது. பின்மூடியில் ஒட்டிய ஒரு மெல்லிய தகடு மின்துடிப்புக்கு ஏற்ப அதிர, மூடியே சேர்ந்து பாடும். ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான். ஆனாலும் வகுப்பறையில் ஒரு பையன் வாட்ச் பாடினால் அன்றைய பாடம் அதோடு முடிந்தது.

சட்டைப் பையில் பாதி டி.வி.

மணிக்கட்டில் படம் காட்டிய முதல் புகழ்பெற்ற முயற்சி ஜப்பானின் செய்கோ நிறுவனத்துடையது. 1982 டிசம்பரில் அது விற்பனைக்குக் கொண்டுவந்த டி.வி. வாட்சின் திரை மூலைக்கு மூலை 1.2 அங்குலம். கறுப்பு வெள்ளைப் படம். திரைக்கெனத் தனி விளக்கு இல்லாததால் வெளி வெளிச்சத்தில்தான் பார்க்க முடியும். இருட்டினால் படமும் இருட்டும். அலைவாங்கியோ கையில் இல்லை. அது சட்டைப் பையில் வைக்கும் தனிப் பெட்டி. அங்கிருந்து ஒரு கம்பி சட்டைக் கைக்குள் ஓடி வாட்சுக்கு வரும், இன்னொன்று காதுக்குப் போகும். விலை ஒரு லட்சம் யென்னுக்கும் மேல்.

1983-இல் வெளிவந்த 'ஆக்டோபசி' என்ற ஜேம்ஸ் பாண்ட் படத்தில் இந்த வாட்ச் இடம்பெற்றது. உதயப்பூரில் எடுத்த அந்தப் படத்தில் சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜும் நடித்தார். அதைப் பார்த்துவிட்டு யாராவது டோக்கியோவிலிருந்து ஒன்றை வாங்கி வந்திருந்தாலும் சென்னையில் படம் தெரிந்திருக்காது. ஜப்பானில் ஒளிபரப்பு என்.டி.எஸ்.சி. முறை, இந்தியாவில் பால் முறை. ஒன்றுக்குச் செய்த கருவி மற்றதைப் படிக்காது. அப்போது சென்னையில் பார்ப்பதற்கு இருந்ததும் தூர்தர்ஷன் மட்டுமே. அது இங்கே ஒளிபரப்பைத் தொடங்கியது 1975-இல்.

பார்க்க நிறைய இருக்கிறது என்ற நிலை 1993-க்குப் பின் வந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 14 அன்று தொடங்கிய சன் டி.வி. பல ஆண்டுகள் தேனாம்பேட்டை அண்ணா அறிவாலய வளாகத்திலிருந்து இயங்கியது. நேயர் கேட்கும் திரைப்பாடலைப் போடும் 'பெப்சி உங்கள் சாய்ஸ்' போன்ற நிகழ்ச்சிகள் ஒரு பழக்கத்தை உண்டாக்கின. பாட்டு என்றால் கேட்பது என்றிருந்தது, பாட்டு என்றால் பார்ப்பது என்று ஆயிற்று. 2004-இல் பாட்டுக்கென்றே சன் மியூசிக் வந்தது. காணொளி வாட்ச் சென்னைக்கு வந்து இறங்கிய நேரத்தில் அதில் ஏற்றுவதற்குரிய சரக்கு இளைஞர் மனத்தில் தயாராக இருந்தது.

பர்மா பஜார் வாட்ச்

2000-இல் கேசியோ வெளியிட்ட எம்.பி.3 வாட்சின் நினைவகம் 32 மெகாபைட். நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு மெகாபைட் என்று கணக்கிட்டால் ஐந்து நிமிடத் தமிழ்ப் பாட்டு ஆறுதான் அடங்கும். அடுத்த சில ஆண்டுகளில் நினைவகச் சில்லுகளின் விலை சரியவே, சீனத் தொழிற்சாலைகள் அதே எண்ணத்தை மலிவாக்கின. ஒன்றரை அங்குலம் முதல் 1.8 அங்குலம் வரை திரை, பக்கவாட்டில் இயர்போன் துளை, யு.எஸ்.பி. கம்பி, தடித்த பட்டை, ஒரு கிகாபைட்டிலிருந்து மேலே நினைவகம். பெட்டியின் மேல் பெயர் பெரிதாக இருக்கும். தயாரித்தவர் முகவரி இருக்காது.

'எம்.பி.4' என்று எழுதியிருந்தாலும் பெரும்பாலானவற்றில் உண்மையான எம்.பி.4 கோப்பு ஓடாது. உள்ளே இருந்த மலிவான சில்லுக்கு அவ்வளவு வலு இல்லை. ஏ.எம்.வி. என்ற எளிய வடிவத்துக்குக் கணினியில் மாற்றித்தான் ஏற்ற வேண்டும். அப்படி மாற்றும்போது படம் தபால்தலை அளவுக்குச் சுருங்கும், அசைவும் சற்றே திக்கும். பர்மா அகதிகளின் மறுவாழ்வுக்காகக் கடற்கரை ரயில் நிலையத்தருகே 1960-களின் இறுதியில் உருவான பர்மா பஜார், இதுபோன்ற பொருள்களுக்கே பேர்போனது. வீட்டில் கணினி இல்லாதவர்களுக்குப் 'பாட்டு ஏற்றித் தரப்படும்' என்ற பலகை மாட்டிய செல்போன் கடைகள் தெருவுக்குத் தெரு உதவின. பாட்டுக்கு உரியவர்களுக்கு அதில் ஒரு காசும் போகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இந்த வாட்சின் பெரிய குறை நேரத்தில்தான் இருந்தது. வண்ணத்திரை எந்நேரமும் எரிந்தால் மின்கலம் சில மணிகளில் தீரும். எனவே திரை அணைந்தே கிடக்கும். நேரம் பார்க்கப் பொத்தானை அழுத்த வேண்டும். 1972-இல் வந்த முதல் மின்னணு டிஜிட்டல் கைக்கடிகாரமான பல்சரிலும் இதே தொல்லைதான். 35 ஆண்டுக்குப் பின் மறுபடி அதே இடத்துக்கு வந்து நின்றார்கள். இரண்டு பாட்டுப் படம் பார்த்துவிட்டுப் பேருந்து ஏறினால், இறங்குமுன் வாட்ச் செத்திருக்கும். மணி என்ன என்று பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்க வேண்டும்.

தேர்வறை

இவ்வகைக் கருவிகள் பலவற்றில் பாட்டு, படம் தவிர எழுத்துக் கோப்பைப் படிக்கும் வசதியும் இருந்தது. மலிவான மென்பொருளில் தமிழ் எழுத்துகள் வெறும் கட்டங்களாகத் தெரியும். ஆனால் பாடக்குறிப்பைப் படமாக எடுத்து ஏற்றினால் எந்த மொழியானாலும் தெரியும். விளையாட்டுப் பொருள் துண்டுச்சீட்டாக மாறுவதற்கு இதற்குமேல் எதுவும் தேவையில்லை. ப்ளூடூத்தும் சிம் கார்டும் வாட்சுக்குள் நுழைந்தபின் நிலைமை இன்னும் முற்றியது.

2015 மே மாதம் நடந்த அகில இந்திய மருத்துவ நுழைவுத் தேர்வில் மின்னணுக் கருவிகள் வழியே விடை கசிந்தது வெளிப்பட்டு, உச்ச நீதிமன்றம் அத்தேர்வை ரத்து செய்தது. ஜூலை 25-இல் நடந்த மறுதேர்வில் கைக்கடிகாரத்துக்குத் தடை வந்தது. அடுத்து வந்த நீட் தேர்விலும் தடை தொடர்ந்தது. 2017 முதல் தமிழ்நாட்டின் மருத்துவ இடங்களுக்கும் நீட் கட்டாயமானதால், இங்குள்ள பிள்ளைகளும் வெறுங்கையோடு தேர்வறைக்குள் போகத் தொடங்கினர். முள் வாட்சா திரை வாட்சா என்று வாசலில் நிற்பவர் சோதித்துக்கொண்டிருக்க முடியாது. ஆகவே சாவி கொடுக்கும் எச்.எம்.டி.யும் சேர்த்தே வெளியே நின்றது. ஒளித்து வைக்க ஏதுமில்லாத, மணி காட்டுவதைத் தவிர வேறொன்றும் அறியாத வாட்சுக்கு இது நியாயமான தண்டனை அன்று.

ஒரு கேள்விக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் என்று கணக்கு வைத்து எழுதவேண்டிய தேர்வு அது. மணிக்கட்டைப் பார்த்துப் பழகிய பிள்ளை அங்கே அறைக் கடிகாரத்தையோ கண்காணிப்பாளரின் அறிவிப்பையோ நம்பியிருக்க வேண்டும்.

இதற்கிடையே எம்.பி.4 வாட்ச் கடைகளிலிருந்து காணாமல் போயிருந்தது. ஆப்பிள் 2015-இலும் டைட்டன் 2016-இலும் ஸ்மார்ட்வாட்ச் விற்பனையைத் தொடங்கின. டைட்டனின் 'ஜக்ஸ்ட்' முள்ளும் சிறு திரையும் ஒருங்கே கொண்டது. இன்று விற்கும் ஸ்மார்ட்வாட்சுகளில் பல, செல்போனில் ஓடும் பாட்டை நிறுத்தவும் மாற்றவும் உதவுகின்றன. படம் பார்ப்பதைப் பெரும்பாலும் போனுக்கே விட்டுவிட்டன. 2018 மே மாதம் திறந்த தேனாம்பேட்டை மெட்ரோ நிலையத்தில், வாட்ச் கட்டிய கையிலேயே செல்போனைப் பிடித்துக்கொண்டு படம் பார்த்தபடி இறங்குகிறார்கள். அடுத்த ரயில் எத்தனை மணிக்கு என்பதை நடைமேடைப் பலகை சொல்கிறது.