பெற்றோரும் குடிமக்களும்: உள்ளூர்ச் சேவைகளில் முதியோர் சங்கங்களின் இடம்

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. அதன் 5ஆம் பிரிவின்படி, தாமே மனுச்செய்ய இயலாத முதியவர் அதிகாரமளித்தால், பதிவுபெற்ற தன்னார்வச் சங்கம் அவருக்காகத் தீர்ப்பாயத்தில் பராமரிப்புத் தொகை கேட்கலாம். 6ஆம் பிரிவின்படி சங்கத்தின் பிரதிநிதி சமரச அலுவலராகவும் அமரலாம். சங்கத்தின் சொல்லுக்கு இவ்வளவு மதிப்பு கிடைப்பது பிள்ளைகள், உறவினர்மீதான வழக்கில் மட்டுமே. அரசு மருத்துவமனைகளில் முதியோருக்குத் தனி வரிசை, இயன்றவரை படுக்கை, மாவட்ட மருத்துவமனைதோறும் முதியோர் சிகிச்சைக்கான வசதி ஆகியவற்றை மாநில அரசு உறுதிசெய்ய வேண்டும் என்று அதே சட்டத்தின் 20ஆம் பிரிவு சொல்கிறது. அந்த வரிசை இல்லாவிட்டால் எந்தச் சங்கம் யாரிடம் முறையிடுவது என்பதற்குச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. முதியவரைப் பெற்றோராக மட்டுமே பார்க்கும் இச்சட்டம் அவரைச் சேவை கேட்கும் குடிமக்களில் ஒருவராகப் பார்க்கவில்லை. உள்ளூர்ச் சேவைகளில் முதியோர் அமைப்புகளின் குரல் எடுபடாமல் போவதற்கு இதுவே முதன்மைக் காரணம் என்பது என் வாதம்.

தனிமனிதர் குறை சொல்ல வழிகள் உண்டே, சங்கம் எதற்கு என்று கேட்கலாம். ரேஷன் கடையையே எடுத்துக்கொள்வோம். காலமெல்லாம் களையெடுத்தும் செங்கல் சுமந்தும் தேய்ந்த கைரேகையைக் கருவி ஏற்பதில்லை. நடக்க முடியாதவர் வேறொருவரை அனுப்ப அங்கீகாரச் சான்று தரும் நடைமுறை இருக்கிறது. அப்படியொன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. தனியாக முறையிடுபவருக்கு அன்றைக்கு அரிசி கிடைக்கலாம். நடைமுறை அப்படியே இருக்கும். ஒரே ஊரில் எத்தனை பேர் இப்படித் திரும்புகிறார்கள் என்று தொகுத்துச் சொல்ல ஓர் அமைப்பு இருந்தால்தான் கோளாறு கருவியிலா விதியிலா என்ற கேள்வியே எழும். 2025 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டம் ரேஷன் பொருள்களை வீட்டுக்கே கொண்டுசெல்கிறது. நல்ல திட்டம்தான். தொடங்கும்போது அதற்கு வைத்த வயது வரம்பு 70. கைரேகை தேய்வதற்கு அப்படி வரம்பு எதுவும் கிடையாது. வரம்பை முடிவுசெய்யும் இடத்தில் ஒரு முதியோர் சங்கம் இருந்திருந்தால் முதலில் இதைத்தான் சொல்லியிருக்கும்.

கிராம சபை இருக்கிறதே என்பது அடுத்த மறுப்பு. தமிழ்நாட்டில் அது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது, வாக்காளர் எவரும் பேசலாம். ஆனால் முதியோர் உதவித்தொகையை வழங்குவது வருவாய்த் துறை. அதற்கெனச் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் இருக்கிறார். ரேஷன் கடைகளில் பெரும்பாலானவை கூட்டுறவுச் சங்கங்களின் பொறுப்பு, மருத்துவமனை நலவாழ்வுத் துறையுடையது. கிராம சபைத் தீர்மானம் இவர்கள் யாரையும் கட்டுப்படுத்தாது. ஆட்சியர் அலுவலகத்தின் திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்கு இரண்டு பேருந்து மாறிப் போகத் தெம்புள்ளவர்கள்தாம் போகமுடியும். 2007 சட்டத்துக்கு மத்திய அரசு வகுத்த மாதிரி விதிகளில் முதியோருக்கான மாவட்டக் குழு உண்டு. அதில் யார் யார் இருப்பது என்பதை மாநில அரசே முடிவுசெய்யும், குழுவின் வேலையும் ஆலோசனை சொல்வதோடு சரி. டென்மார்க்கில் நிலைமை வேறு. ஒவ்வொரு நகராட்சியிலும் 60 வயது நிறைந்தோர் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் முதியோர் மன்றம் இருக்கவேண்டும் என்று அங்கே சட்டமே சொல்கிறது. அந்த மன்றத்துக்கும் முடிவெடுக்கும் அதிகாரம் கிடையாது. ஆயினும், முதியோரைப் பாதிக்கும் எந்த முன்மொழிவையும் நிறைவேற்றுமுன் நகராட்சி அதன் கருத்தைக் கேட்டாக வேண்டும். இந்தக் கட்டாயம்தான் நம்மிடம் இல்லாதது.

இவற்றைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: முதியோர் சங்கம் என்றாலே நகரத்தில் வாழும், ஓய்வூதியம் வாங்கும் ஆண்களின் சங்கம்தானே? பெருமளவு உண்மை. 1982இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த நகரா வழக்கில் காமன் காஸ் என்ற பதிவுபெற்ற சங்கம் மனுதாரர்களுள் ஒன்று. முதியவர்களுக்காகச் சங்கம் வழக்காடலாம் என்பதை நீதிமன்றம் ஏற்றது. பயன் அரசு ஓய்வூதியர்களுக்குப் போயிற்று. அவர்களுக்கு ஆண்டுக்கு இருமுறை அகவிலை நிவாரணம் கணக்கிடப்படுகிறது. இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத்திலோ, 80 வயதுக்குக் கீழே இருப்பவருக்கு மத்திய அரசு தரும் பங்கு 2007இல் 200 ரூபாய், இன்றும் அதே 200 ரூபாய். குரல் உள்ளவர்க்கும் இல்லாதவர்க்கும் இடையிலான தூரத்தை இதைவிடத் துல்லியமாக அளக்க முடியாது. ஆனால் இதிலிருந்து சங்கங்களே வேண்டாம் என்ற முடிவுக்கு வருவது தவறு. விதவைகளுக்கும் கூலித்தொழிலாளருக்கும் சங்கம் வேண்டும் என்பதே சரியான முடிவு. அது நடவாத காரியமுமல்ல. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கரையோரத்தில் ஹெல்ப்ஏஜ் இந்தியா முதியோர் சுயஉதவிக் குழுக்களை அமைத்தது. சேமிப்பும் கடனும் கூட்டத்துக்கு ஆளைக் கொண்டுவந்து சேர்க்கும். வெறும் கோரிக்கை மனுவுக்காக ஏழை முதியவர் மாதந்தோறும் வரமாட்டார். குறைகேட்பும் அத்தகைய குழுக்களிலிருந்தே கிளம்புவது நல்லது. அரசு மானியத்தில் இல்லம் நடத்தும் அமைப்புகளை இதில் சேர்க்கக் கூடாது. படியளப்பவர்மீது புகார் எழுதச் சொல்வது அவர்களுக்கும் சங்கடம்.

2019இல் மக்களவையில் அறிமுகமான திருத்த மசோதா மருமகனையும் மருமகளையும் பிள்ளைகள் என்ற வரையறைக்குள் சேர்க்க முனைந்தது. 17ஆம் மக்களவையின் காலம் முடிந்ததும் காலாவதியாயிற்று. அடுத்த திருத்தம் குடும்ப வட்டத்தை மேலும் அகலப்படுத்துவதில் காலம் கழிக்காமல், 5ஆம் பிரிவில் சங்கங்களுக்கு உள்ள மனுச்செய்யும் உரிமையை 20ஆம் பிரிவின் சேவைகளுக்கும் நீட்டலாம். மாவட்டக் குழு உறுப்பினரில் பாதிப் பேரை முதியோர் குழுக்களே தேர்ந்தெடுக்கட்டும். அக்குழுவின் பரிந்துரையை ஏற்காத அலுவலர், குறித்த நாளுக்குள் காரணத்தை எழுதித் தரட்டும்.