சாகப்போகிறவனின் சந்தோஷம்

ஆங்கிலத்தில் ‘ஃபே’ என்று ஒரு சொல். இன்றைக்கு அதைக் கேட்டால், நடக்கும்போதும் கனவில் இருக்கிற மாதிரி ஒரு பெண், சிறகு வைத்த தேவதை, இப்படித்தான் மனசில் வரும். ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டில் அது மாய உலகப் பிராணிகளின் இனப்பெயரே ஆகிவிட்டது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் அதற்கு அர்த்தம் வேறு: சாவு குறிக்கப்பட்டவன்.

991-இல் எசெக்ஸ் கரையில் ஆங்கிலேயர்கள் வைக்கிங்குகளிடம் தோற்றார்கள். அந்த மால்டன் சண்டையைப் பாடும் கவிதையில், விழவேண்டியவர்கள் விழும் நேரம் வந்தது என்கிற இடத்தில் வருவது இந்தச் சொல்லின் பழைய வடிவம்தான். இதன் எதிர்ச்சொல் ‘பேவுல்ஃப்’ காவியத்தில் இருக்கிறது: சாவு குறிக்கப்படாதவனைத் துணிச்சல் இருந்தால் விதியே பல சமயம் காப்பாற்றும் என்கிறான் நாயகன்.

இங்கிலாந்து பிறகு இந்தச் சொல்லை மறந்துபோனது. ஸ்காட்லாந்து மறக்கவில்லை. அங்கே அதற்கு ஓர் அடையாளமும் சேர்ந்தது. ஒருத்தன் வழக்கத்துக்கு மாறாகக் குதூகலமாக இருந்தால் சாவு பக்கத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம். வால்டர் ஸ்காட்டின் ‘கை மானரிங்’ நாவலில் (1815) சுங்க அதிகாரி ஒருவன் ஒரே உற்சாகமாகக் குதிரையில் போகிறான். பார்த்துக்கொண்டிருந்த தோட்டக்காரக் கிழவர் இந்தச் சொல்லைத்தான் சொல்கிறார். அன்றைக்கே அவன் கொலையாகிறான். அணையப்போற விளக்கு பிரகாசமா எரியும்னு நம்மூரில் சொல்வோமே, கிட்டத்தட்ட அதுதான்.

தேவதையைக் குறிக்கும் ‘ஃபே’ வேறு சொல், எழுத்தும் கொஞ்சம் வேறு. லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. உச்சரிப்பு ஒன்றாக இருந்ததால் இரண்டும் கலந்தன. வேடிக்கை என்னவென்றால், அந்த லத்தீன் மூலத்துக்கும் விதி என்றே பொருள். ‘சொல்லப்பட்டது’ என்பதிலிருந்து பிறந்தது. நம் பழைய சொல்லின் ஜெர்மன் உறவோ இன்றைக்குக் கோழையைக் குறிக்கிறது. டச்சில் கெட்ட சகுனத்தைச் சொல்லும் தொடரில் பழைய வாசனை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

டோல்கியன் ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்தவர். ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ கதையில் கிழ அரசன் தியோடன் படைக்கு முன்னால் குதிரையை விரட்டும்போது அவர் போடுகிற சொல் இதுதான். முதல் தடவை படித்தப்ப நான் அதை ‘தேவன் மாதிரி’ என்று எடுத்துக்கொண்டேன். பரவசமாகத்தான் இருந்தது. அடுத்த அத்தியாயத்திலேயே கிழவன் தன் குதிரைக்கு அடியில் நசுங்கிக் கிடந்தான். அதை முன்கூட்டியே சொல்லிவிட்ட சொல்லைத் தாண்டித்தான் வந்திருந்தேன்.