மூன்று செட் ஸ்பேனர்

எங்கள் அப்பா எஞ்சின் டிரைவர். ரயில் ஓட்டியவர் அல்ல. பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலை பெக்டரியில் எஞ்சினைக் கவனித்துக்கொண்டவர். தோட்டங்களில் அந்த வேலைக்கு அதுதான் பெயர். அவர் விட்டுப்போன சொத்து ஒரு தகரப் பெட்டி. அதற்குள் விட்வர்த் அளவு ஸ்பேனர் செட் ஒன்று. பிறகு நான் வாங்கிச் சேர்த்தது ஏ.எஃப். செட். என் மகன் கொண்டுவந்து போட்டது மில்லிமீட்டர் செட். ஒரு செட்டின் வாய் இன்னொரு செட்டின் நட்டுக்குச் சரியாக உட்காராது. பதுளையிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் எஞ்சினைக் கையால் பிரித்துப் பூட்டியவர்களின் கதையை இந்த மூன்று செட்டை வைத்தே சொல்லிவிடலாம்.

விட்வர்த் அளவு பழையது. ஜோசப் விட்வர்த் என்ற ஆங்கிலேயர் 1841இல் திருகாணிப் புரிகளுக்கு ஓர் ஒழுங்கு சொன்னார். அதற்குப் பிறகு பிரிட்டனிலிருந்து கப்பலேறிய இயந்திரமெல்லாம் பெரும்பாலும் அந்த அளவில்தான் வந்தது. 1869இல் இலங்கையில் கோப்பி இலைநோய் தலைகாட்டியது. அடுத்த இருபது வருடத்துக்குள் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. தேயிலைக்கு பெக்டரி வேண்டும். கொழுந்தை உருட்ட கெயின்ஸ்பரோ நகரத்து மார்ஷல் கம்பெனி செய்த ஜாக்சன் ரோலர், காயவைக்க பெல்பாஸ்ட் நகரத்து டேவிட்சன் கம்பெனியின் சிரொக்கோ. இவற்றையெல்லாம் சுழற்ற கூரைக்குக் கீழே ஒரு நீண்ட ஷாப்ட், அதிலிருந்து தோல் பெல்ட்டுகள். அந்த ஷாப்டைச் சுழற்றத் தண்ணீர்ச் சக்கரம், பிறகு நீராவி, பிறகு எண்ணெய் எஞ்சின்.

ஊவாவுக்கு இதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. எங்கள் பக்கம் மழை பெரும்பாலும் வடகீழ்ப் பருவத்தில்தான். யூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று மலையைத் தாண்டி வறண்டு வீசும். அந்தக் காய்ந்த காற்றில்தான் ஊவாத் தேயிலைக்குப் பேர்போன வாசம் ஏறும். கொழும்பு ஏலத்தில் நல்ல விலை கிடைக்கும் காலமும் அதுவே. ஓடை வற்றுவதும் அதே மாதங்களில். தண்ணீரை மட்டும் நம்பினால் விலை உச்சத்தில் இருக்கும்போது ரோலர் நிற்கும். ஆகவே எங்கள் பக்கத்துத் தோட்டங்களுக்கு எஞ்சின் ஆடம்பரமல்ல. வருட வருமானமே அதன் மேல்தான் நின்றது.

அந்த இரும்பு இங்கே வந்து சேர்ந்த விதத்தையும் சொல்ல வேண்டும். ரயில் 1885இல் நானுஓயாவுக்கும், 1893இல் அப்புத்தளைக்கும், 1894இல் பண்டாரவளைக்கும் வந்தது. பதுளைக்கு வர 1924 ஏப்ரல் ஆயிற்று. இடையில் எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவே ஒன்பது வளைவுப் பாலம் கட்ட வேண்டியிருந்தது. தெமோதரையில் தண்டவாளத்தைச் சுற்றிவிட்டு அந்த ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைக்க வேண்டியிருந்தது. அதுவரை பண்டாரவளையில் இறங்கிய பாரம் பெரும்பாலும் மாட்டு வண்டியில்தான் கீழே வந்தது. அவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்ததை, ஒரு பேரிங் தேய்ந்துவிட்டது என்று கொழும்புக்குத் திருப்பி அனுப்ப யாரால் முடியும்? சீமையிலிருந்து புது உறுப்பு வருவதென்றால் கப்பல் கணக்கில் மாதங்கள். ஆகவே எஞ்சினைப் பார்த்துக்கொண்டவனே அதைப் பிரிக்கவும் கற்றான்.

அப்பா காலத்தில் அந்த பெக்டரியில் இருந்தது லிங்கன் நகரத்து ரஸ்டன் அண்ட் ஹோர்ன்ஸ்பி டீசல் எஞ்சின். ஆளுயரப் பறக்குஞ்சக்கரம். ஞாயிற்றுக்கிழமை மலையில் கொழுந்து பறிப்பு இல்லை. சனிக்கிழமைக் கொழுந்து உருண்டு காய்ந்து முடிந்ததும் எஞ்சினுக்கு ஓய்வு; அப்பாவுக்கு அப்போதுதான் வேலை. எனக்குச் சாப்பாட்டுக் கூடை தூக்கிப்போகும் வேலை. போனவன் அங்கேயே நின்றுவிடுவேன்.

பிக்எண்ட் பேரிங்கை அவர் சரிபார்ப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கிராங்கின் கழுத்தைத் துணியால் சுத்தமாகத் துடைப்பார். விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து, விரலால் கழுத்தைச் சுற்றி மெல்லிசாகப் பூசுவார். பேரிங்கை வைத்துப் பூட்டி, சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கழற்றுவார். பேரிங்கின் உள்ளே வார்த்திருக்கும் வைட்மெட்டலில் கரி ஒட்டிய இடமெல்லாம் மேடு. பழைய அரத்தைச் சாணை பிடித்துச் செய்த சுரண்டியால் அந்த மேடுகளை மட்டும் வழிப்பார். மறுபடி கரி, மறுபடி பூட்டு, மறுபடி சுற்று. முதலில் நாலைந்து பொட்டாக ஒட்டும் கரி, போகப்போக முழுப் பரப்பிலும் சன்னமாகப் பரவி ஒட்டும். அப்போதுதான் விடுவார். "அவசரப்படாத தம்பி. மேட்ட மட்டும் எடு. பள்ளத்த நம்மளால நெரப்ப முடியாது" என்பார்.

அவசரப்பட அவருக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ரோலரில் உருண்ட கொழுந்து சில மணி நேரத்துக்குள் அடுப்புக்குப் போயாக வேண்டும். எஞ்சின் நடு ராத்திரியில் நின்றால் மேசையில் கிடக்கிற தூள் அளவுக்கு மீறிப் புளித்து வீணாகும். விடிந்தால் துரை கேட்பது டீமேக்கரிடம். டீமேக்கர் கேட்பது எஞ்சின் டிரைவரிடம்.

இரண்டாவது செட்டுக்கு வருகிறேன். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் சேர்ந்து திருகாணிக்கு ஒரு பொது அளவை ஏற்றுக்கொண்டன. அதோடு பிரிட்டிஷ் கார்களிலும், நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே அளக்கும் ஏ.எஃப். ஸ்பேனர் தேவையாயிற்று. 1948இல் வெளிவந்த மொரிஸ் மைனர், பின்னால் ஏ-சீரிஸ் எஞ்சினோடு இலங்கைக்கு ஏராளமாக வந்தது. டாக்டர்மார், கடை முதலாளிமார், தோட்டத்து உத்தியோகத்தர் என்று பதுளையில் எல்லோருக்கும் அந்தக் கார்தான்.

1960களின் தொடக்கத்திலேயே அந்நியச் செலாவணி தட்டுப்பாடாகி இறக்குமதியில் கட்டுப்பாடு வந்தது. 1970க்கும் 1977க்கும் இடையில் அது இறுகியது. புதுக் கார் இல்லை. இருக்கிற காருக்கு உறுப்பும் இல்லை. ஓடுகிற காரை ஓடவைத்துக்கொண்டே இருப்பதுதான் வழி. நான் பதுளை டவுனில் ஒரு பாஸிடம் வேலைக்குப் போய்ச் சேர்ந்தது அந்த வருடங்களில்தான்.

வேறு எங்கே போயிருக்க முடியும் என்றும் கேட்கலாம். 1958இல் பஸ்களை அரசாங்கம் எடுத்து இலங்கைப் போக்குவரத்துச் சபை உண்டானது. ரயில்வே ஏற்கெனவே அரசாங்கத்தது. பெரிய வேர்க்ஷொப், லேத், சம்பளம், பென்ஷன் எல்லாம் அங்கே. ஆனால் 1948 பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத்தாரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியிருந்தது. அரசாங்க வேலைக்குப் பிரஜாவுரிமைப் பத்திரம் கேட்டார்கள். எங்களிடம் அது இல்லை. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்து, பலர் தலைமன்னார்க் கப்பலேறிப் போனார்கள். போனவர்களில் பெக்டரி வேலை தெரிந்தவர்களும் இருந்தார்கள். இங்கேயே தங்கியவர்களுக்குத் தனியார் கராஜ்தான் பள்ளிக்கூடம்.

அங்கே நான் படித்த முதல் பெரிய பாடம் சிலிண்டர் ஹெட் கழற்றி வால்வ் கிரைண்ட் செய்வது. ரேடியேட்டர் தண்ணீரை இறக்கி, காபுரேட்டரைக் கழற்றி, ரொக்கர் ஷாப்டைத் தூக்கி, புஷ்ரொட் எட்டையும் அட்டையில் துளை போட்டு வரிசையாகக் குத்தி வைக்க வேண்டும். எது எங்கே இருந்ததோ அங்கேதான் திரும்பப் போகணும். ஹெட்டின் நட்டுகளை ஒரே பக்கமாக முறுக்கினால் ஹெட் கோணும். நடுவிலிருந்து வெளியே போகிற வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். டோர்க் ஸ்பேனர் கிடையாது. பாஸின் முழங்கைதான் அளவு.

வால்வைச் சுத்தம் செய்து, அதன் முகத்தில் கிரைண்டிங் பேஸ்ட் பூசி, ரப்பர்க் கப் பொருத்திய குச்சியை ஒட்டி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே மத்துக் கடைவதுபோல் முன்னும் பின்னும் உருட்ட வேண்டும். முதலில் கரகரவென்று சத்தம் வரும். சத்தம் மெலிந்ததும் வால்வைத் தூக்கி, இடம் மாற்றி, மறுபடி. கரடான பேஸ்ட் முடிந்து நைஸ் பேஸ்ட். கடைசியில் வால்விலும் சீட்டிலும் ஒரே அகலத்தில் சாம்பல் நிற வளையம் முறியாமல் தெரியும். பிறகு ஹெட்டைச் சாய்த்து போர்ட்டுக்குள் மண்ணெண்ணெய் ஊற்றுவோம். வால்வ் ஓரத்தில் ஈரம் கசிந்தால் பாஸ் ஒன்றும் சொல்லமாட்டார். பேஸ்ட் டப்பாவை என் பக்கம் தள்ளுவார், அவ்வளவுதான். எல்லாம் பூட்டிய பின் டெபட் இடைவெளி 12 தௌ, அதாவது அங்குலத்தின் ஆயிரத்தில் பன்னிரண்டு பங்கு. எரியும் வரிசை 1, 3, 4, 2. இவை இரண்டும் தூக்கத்தில் கேட்டாலும் வாயில் வரும்.

தட்டுப்பாடு பல கைவேலைகளைக் கற்றுத்தந்தது. செப்பு வொஷரை அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி மிருதுவாகும், புதிது தேவையில்லை. பழைய கலண்டர் அட்டையை உறுப்பின் மேல் வைத்துச் சுத்தியலால் ஓரத்தைத் தட்டினால் கேஸ்கட் தானே வெட்டுப்படும். எஞ்சினை முழுதாக இறக்க மூன்று யூகலிப்டஸ் கம்பமும் ஒரு செயின் புளொக்கும் போதும். ஆனால் கையால் முடியாத வேலை உண்டு: சிலிண்டரைப் போர் அடிப்பதும் கிராங்கைக் கிரைண்ட் பண்ணுவதும். அதற்கு மெஷின் உள்ள இடத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். மற்றதெல்லாம் முற்றத்தில் முடியும்.

முற்றம் என்று சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. 1983 யூலைக் கலவரத்தில் பதுளையில் தமிழர் கடைகள் எரிந்தன. அதற்குப் பிறகு டவுனில் இடம் எடுத்து போர்ட் மாட்ட எனக்கு மனம் வரவில்லை. ஹாலிஎலப் பக்கம் வீட்டு முற்றத்தில் கம்பம் நட்டேன். வண்டிக்காரர்கள் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று எல்லோரும் அங்கேயே தேடிவந்தார்கள்.

மூன்றாவது செட் மில்லிமீட்டர். 1977இல் இறக்குமதி திறந்தது. ஜப்பான் வேன்களும் லொறிகளும் வந்தன; பின்னால் இந்திய பஜாஜ் த்ரீவீலர் வந்து தோட்டத்து ரோட்டெல்லாம் ஏறியது. தோட்டத்துப் பக்கம் பார்த்தால், கம்பெனித் தோட்டங்களை 1975இல் அரசாங்கம் எடுத்தது. பிறகு ஜனவசம என்றும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் என்றும் பிரித்து நடத்தியது. 1992இல் நிர்வாகத்தைத் தனியார் கம்பெனிகளிடம் கொடுத்தது. இதற்கிடையில் பெக்டரிகள் மின்சார மோட்டருக்கு மாறின. ரஸ்டன்கள் ஸ்டாண்ட்பை ஆகி, பல பழைய இரும்புக்குப் போயின. எஞ்சின் டிரைவர் என்ற உத்தியோகமும் சுருங்கிற்று.

வேலை அதோடு போய்விடும் என்றுதான் நினைத்தோம். போகவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் நாடே கடனைக் கட்ட முடியாமல் நின்றது. பெற்றோலுக்குக் கியூஆர் அட்டை, உறுப்புக் கழுவ மண்ணெண்ணெய்கூட இல்லை. பழைய வண்டிகளின் விலை எங்கேயோ ஏறியது. விற்க நினைத்த வண்டியை எல்லோரும் பிரித்துக் கட்டினார்கள். லயத்து வாசலில் சாக்கை விரித்து, ஒரு பஜாஜ் எஞ்சினை நட்டு நட்டாகப் பிரித்து, புது பிஸ்டன் ரிங் போட்டு, இருட்டுமுன் ஸ்டார்ட் பண்ணுகிற பையன்களை இப்போதும் பார்க்கிறேன். தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மறுபடி திறந்தது. ஆனால் அந்த வரியும் விலையும் கொடுத்துப் புது வண்டி எடுக்க லயத்துக்காரனால் முடியாது. அவனுக்குப் பிரித்துப் பூட்டுவதே வழி.

ஊவாத் தேயிலையைப் பற்றி எழுதுகிறவர்கள் துரைமாரின் பெயரையும் மெஷின் கம்பெனிகளின் பெயரையும் எழுதுகிறார்கள். லிப்டன் வாங்கிய தம்பேதன்னைத் தோட்டத்து பெக்டரியைப் பார்க்க இன்றும் சனம் போகிறது. அப்படிப்பட்ட பெக்டரிகளில் எஞ்சினை ஓடவைத்தவர்கள் யார் என்று எந்தப் பலகையிலும் இல்லை. அப்பாவிடமும் சான்றிதழ் இல்லை, என்னிடமும் இல்லை. நல்ல வேலைக்காரன் என்று வாயால் சொன்னவர்கள் நிறைய. தாளில் எழுதிக் கொடுத்தவர் ஒருவரும் இல்லை.

இன்றைக்கு அந்த நிலைமை மாறலாம். என்.வி.கியூ. என்று சொல்லும் தேசிய தொழில் தகைமை கராஜில் கற்றவனுக்கும் கிடைக்கும். வகுப்புக்குப் போகாமல் வேலையில் கற்றதைச் சோதித்துப் பார்த்துச் சான்றிதழ் தரும் ஏற்பாடு அதில் இருக்கிறது. கொழும்பில் கம்பெனிக் கராஜுக்குப் போனாலும் வெளிநாட்டுக்குப் போனாலும் முதலில் கேட்பது அதைத்தான். லயத்து வாசலில் எஞ்சின் கட்டும் தம்பிமாருக்கு நான் சொல்வது இதுதான்: வேலையை எங்களைவிட நன்றாகவே செய்கிறீர்கள். ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை, பதுளையில் உள்ள, நைட்டா என்ற அரசாங்கத் தொழிற்பயிற்சி நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போய், அந்தச் சோதனைக்குப் பெயரைப் பதியுங்கள்.