கண்ணகியைத் தேடி மலையேறிய தோழியர்

கம்பம் பள்ளத்தாக்கின் தென்மேற்கு விளிம்பில், தேனி மாவட்டமும் கேரளத்தின் இடுக்கி மாவட்டமும் சந்திக்கும் வண்ணாத்திப்பாறை முகட்டில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,337 மீட்டர் உயரத்தில், மங்கலதேவி கண்ணகி கோட்டம் சிதைந்த கற்கட்டடமாக நிற்கிறது. அதன் வரலாற்றை எழுதியவர்கள் கண்ணகியின் கற்பையும், அவள் சிலைக்குக் கல் கொண்டுவரப் படையெடுத்த சேர மன்னன் செங்குட்டுவனையும், இரு மாநிலங்களின் எல்லை வழக்கையும் விரிவாகப் பேசியுள்ளனர். சிலப்பதிகாரத்தின்படி இந்த வழிபாட்டின் தொடக்கத்தில் கண்ணகியின் தோழியர் சிலர் நின்றனர் என்பதும், அவர்கள் வையைக் கரை வழியாகவே மலையேறினர் என்பதும் உரிய அளவுக்குப் பேசப்படவில்லை.

கணவன் கோவலன் கொலையுண்டு மதுரை எரிந்தபின் கண்ணகி வையையின் ஒரு கரையைப் பற்றிக்கொண்டே மேற்கு நோக்கி நடந்து, ஒரு குன்றின்மேல் வேங்கை மரத்தடியில் நின்றாள் என்றும், மதுரை நீங்கிய பதினான்காம் நாள் கணவனோடு விண்ணேறினாள் என்றும், அதைக் கண்ட குறவர் அவளைத் தம் தெய்வமாகக் கொண்டு குரவையாடினர் என்றும் சிலப்பதிகார ஆசிரியர் இளங்கோவடிகள் கூறுகிறார். மதுரையிலிருந்து வையைக் கரையோடு மேற்கே செல்பவர் தேனியை அடைவர். அங்கிருந்து, வையையில் வந்து சேரும் முல்லையாற்றின் கரையோடு தென்மேற்கே திரும்பினால் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என ஊர்களைக் கடந்து மலையடிவாரத்தைத் தொடுவர். செங்குட்டுவன் குறவரிடம் இச்செய்தியைக் கேட்டது பேரியாற்றங்கரையில் என்பதும், அந்த ஆறு இம்மலைத்தொடரின் மறுபக்கத்தில் ஓடுவதும் கருதத்தக்கவை. காப்பியம் காட்டும் இந்த வழியைப் பின்பற்றி ஆய்வு செய்த சி. கோவிந்தராசனார், 1963இல் வண்ணாத்திப்பாறையில் உள்ள கோயிலைக் கண்ணகி கோட்டம் என்று அடையாளம் காட்டினார். திருச்செங்கோடே அந்த இடம் என்ற பழைய கருத்தும் உண்டு. உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் அதை மறுத்தார். வையைக் கரையை விடாது செல்லும் வழி என்ற சான்று கம்பம் பள்ளத்தாக்கின் பக்கமே வலுவாக நிற்கிறது.

கண்ணகிக்கு உடன்பிறந்த பெண் ஒருத்தி இருந்ததாகக் காப்பியம் கூறவில்லை. பிறந்த ஊரான புகாரில் அவளுக்கு இருந்த நெருங்கிய துணை தேவந்தி என்னும் பார்ப்பனப் பெண்; தான் கண்ட தீக்கனவைக் கண்ணகி வாய்விட்டுச் சொன்னது அவளிடந்தான். ஊரையும் உறவையும் விட்டு மதுரைக்கு வந்தபோது, சமணத் துறவியான கவுந்தியடிகள் கண்ணகியை இடைக்குல முதுமகளான மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைத்தார். மாதரியின் மகளே ஐயை. தன் மகளைக் கண்ணகிக்குப் பணிசெய்பவளாக முதலில் அறிமுகப்படுத்தும் மாதரி, சற்று நேரத்திலேயே அவளை நாத்தூண் நங்கை, அதாவது கணவனின் உடன்பிறந்தாள், என்று உறவுமுறை கூட்டிப் பேசுகிறாள். வணிகர் குடிப் பெண்ணும் இடையர் குடிப் பெண்ணும் ஒரு பகற்பொழுதில் நாத்தியும் அண்ணியும் ஆகிவிடுகின்றனர். அடுத்து வரும் அடுக்களைக் காட்சி சிலப்பதிகாரத்தின் மிக நுட்பமான பகுதிகளுள் ஒன்று. காய்களும் கனிகளும் அரிசியும் பாலும் நெய்யும் வந்து சேர, கண்ணகி விரல் சிவக்கக் காய் அரிந்து, முகம் வியர்க்கக் கண் சிவக்கச் சமைக்கிறாள். பழக்கமில்லாத அடுப்பின்முன் அவளுக்காக வைக்கோலில் தீ மூட்டித் தருபவள் ஐயை. அந்த உணவை உண்டு, சிலம்பு விற்கப் புறப்பட்ட கோவலன் திரும்பவில்லை. ஆகவே அந்த இரு பெண்களும் கூடி வாழ்ந்த காலம் மிகக் குறுகியது. அதன் விளைவு எவ்வளவு நீண்டது என்பதைக் காப்பியத்தின் இறுதியில்தான் காணமுடிகிறது.

இடையர் சேரியில் தீக்குறிகள் தோன்றியபோது, கண்ணகியும் காணும்படி குரவை ஆடுவோம் என்று மாதரி ஐயையிடம் சொல்கிறாள். குரவை என்பது மகளிர் வட்டமாகக் கைகோத்து நின்று பாடி ஆடும் கூத்து. ஏழு பெண்களுக்குக் குரல், துத்தம் முதலிய ஏழு இசைகளின் பெயரைச் சூட்டி மாதரி அதை நிகழ்த்துகிறாள். துயரில் இருக்கும் புதிய தோழிக்காகச் சேரிப் பெண்கள் கூடி ஆடிய அந்தக் கூத்தின் நேர்வழித் தோன்றலாக இன்றைய கும்மியைக் கூறிவிட இயலாது. என்றாலும் தேனி, மதுரை வட்டார ஊர்களில் நவதானியங்களை இருளில் முளைக்கவிட்டு வளர்க்கும் முளைப்பாரி நாள்களில், இரவுதோறும் பெண்கள் வட்டமிட்டுக் கும்மி கொட்டும் வழக்கத்தைக் காண்பவருக்கு ஆய்ச்சியர் குரவை நினைவுக்கு வராமல் இராது.

கோவலன் கொலையுண்டதும், அடைக்கலத்தைக் காக்கத் தவறினேன் என்று மாதரி தீயில் புகுந்து உயிர்விட்டாள். புகாரில் செய்தி அறிந்த தேவந்தியும், கண்ணகியை வளர்த்த செவிலியாகிய காவற்பெண்டும், பணிசெய்த தோழியாகிய அடித்தோழியும் மதுரைக்கு வந்து, தாயை இழந்து நின்ற ஐயையைத் தம்மோடு சேர்த்துக்கொண்டு, வையை வழியே சென்று பெருமலையின் மேலேறிக் கண்ணகியின் கோயிலை அடைந்தனர் என்று வாழ்த்துக் காதையின் உரைப்பகுதி கூறுகிறது. குலத்தாலும் வயதாலும் வேறுபட்ட, முன்பின் அறியாத பெண்கள், மறைந்த ஒருத்தியின் மேல் வைத்த அன்பினால் ஒரு குடும்பமாகி மலையேறிய இந்தப் பயணம், எந்த அரசனின் வடதிசைப் படையெடுப்புக்கும் குறையாத செயல். கோயிலில் தேவந்தி கண்ணகியைத் தோழி என்றே விளித்து, ஐயையை அவளுக்குக் காட்டுகிறாள். வரந்தரு காதையில் கண்ணகியின் தாயும் கோவலனின் தாயும் அவள்மேல் கொண்ட அன்பினால் அரட்டன் செட்டியின் வீட்டில் இரட்டைப் பெண்களாகப் பிறந்திருப்பது தெரியவருகிறது. சம்பந்திகள் அடுத்த பிறவியில் உடன்பிறந்தாராகிவிட்டனர். இறுதியில் செங்குட்டுவன், பூவும் புகையும் கொண்டு நாள்தோறும் வழிபாடு செய்யும் பொறுப்பைத் தேவந்தியிடமே ஒப்படைக்கிறான். கண்ணகி கோட்டத்தின் முதல் பூசாரி அவள் தோழி.

இக்காலக் குழந்தைகள் உடன்பிறப்பன்பையும் புதிய நட்பையும் பெரும்பாலும் அசைபடத் தொடர்களில் காண்கின்றனர். இசாவோ தகஹாதா இயக்கத்தில் 1974இல் ஜப்பானில் வெளிவந்த ஹெய்டி தொடரில், மலையிலிருந்து பெருநகர வீட்டுக்கு அனுப்பப்பட்ட சிறுமியும் அங்கே நடக்கமுடியாமல் இருந்த கிளாராவும் தோழியராகின்றனர். பின்னர் கிளாரா தோழியைத் தேடி மலைக்கு வருகிறாள். தமிழில் 2007இல் சுட்டி டிவி தொடங்கப்பட்டபின் அயல்நாட்டுத் தொடர்கள் தமிழ்ப் பேச்சோடு கம்பம் பள்ளத்தாக்கின் வீடுகளுக்கும் வந்தன. அறியாத வீட்டுக்கு வரும் பெண், அங்கே கிடைக்கும் துணை, பிரிவு, தேடிச் செல்லும் மலைப்பயணம் என அத்தகைய தொடருக்கு வேண்டிய அனைத்தும் ஐயையின் கதையில் உள்ளன. கண்ணகியைக் குழந்தைகளுக்குச் சொல்லும்போது எரியும் நகரத்தை மட்டும் காட்டி, தீ மூட்டித் தந்த சிறுபெண்ணை விட்டுவிடுவது பெரும் இழப்பு.

இன்று கோட்டம் பெரியாறு புலிகள் காப்பகத்தை ஒட்டியுள்ளதால், ஆண்டுக்கு ஒரு நாள், சித்திரை முழுநிலவன்று மட்டுமே வழிபாட்டுக்குத் திறக்கப்படுகிறது. இரு மாவட்ட நிர்வாகங்களும் முன்கூட்டியே கூடி ஏற்பாடுகளை முடிவு செய்கின்றன. குமுளியிலிருந்து ஜீப்புகள் காட்டுப்பாதையில் மேலே செல்கின்றன. கூடலூர்ப் பகுதி மக்கள் பலர், லோயர் கேம்ப் அருகிலுள்ள பளியங்குடியிலிருந்து செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் நடந்தே ஏறுகின்றனர். பள்ளத்தாக்கின் பக்கத்திலிருந்து முகட்டை நோக்கி ஏறும் அந்தப் பாதையே தேவந்தியும் ஐயையும் வந்த திசைக்கு ஒத்தது.